கேட்டதாகச் சொல்லவும்

குடியிருப்பின் ஆண்டு விழாவுக்கு, எல்லோரையும் போலப் பூங்கோதையும் தன் பதிலி இயந்திரத்தைத்தான் அனுப்புவாள். இந்த முறை அது பழுதாகிப் படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தூக்குவாளி நிறையப் புளியோதரையோடு தானே போனாள்.

மைதானம் முழுக்கப் பதிலிகள் கும்மியடித்துக்கொண்டிருந்தன. புளியோதரையைச் சீந்துவாரில்லை.

எதிர்வீட்டு அருள்தாஸின் பதிலி அவளை ஏற இறங்கப் பார்த்தது. "நீங்க யாருன்னு தெரியலையே?"

"நாந்தான் பூங்கோதை. பதினொண்ணாவது மாடி."

"ஓ, நம்ம பூங்கோதை வீட்ல இருக்கிறவங்களா? அவங்க இல்லாம விழாவே களைகட்டல. நாங்க ரொம்பக் கேட்டதாச் சொல்லுங்க."

வீடு திரும்பியவள், மூலையில் கிடந்த இயந்திரத்தைச் சற்றுநேரம் முறைத்தாள். பிறகு தூக்குவாளியைத் திறந்து, அதன் எதிரிலேயே சாப்பிட உட்கார்ந்தாள்.

"உன்னை ரொம்பக் கேட்டாங்கடி" என்றாள்.