கரண்ட் போன பத்து நிமிடம்

நேற்றிரவு எட்டு இருபதுக்கு, டி.வி.யில் துப்பறிவாளர் கதவைத் திறந்து "நீயா?" என்று கேட்ட நொடியில், சலூன்காரர் வீட்டில் மின்சாரம் போனது. மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்த தொடர் அது. கொலைகாரன் முகத்தைக் காட்டும் நேரம் பார்த்தா போக வேண்டும்?

காலையில் கடை முழுக்க அந்தப் பேச்சுத்தான்.

"முதல் பாதி சரியான ஜவ்வு," என்றார் தபால்காரர்.

"அது கெடக்கட்டும், கொலைகாரன் யாரு?" என்றார் சலூன்காரர்.

எல்லோரும் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தார்கள். தபால்காரர் சவரம் செய்துகொள்ளாமலே எழுந்து போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். கன்னம் நிறைய நுரையோடு மாடி வீட்டு மச்சினன் மட்டும் நாற்காலியில் மிஞ்சினான்.

"நீயாவது சொல்லித் தொலைடா. பத்து நிமிஷம் கரண்ட் போய் உயிரை வாங்கிடுச்சு. உங்க அக்காவும் காலைல இருந்து வாயத் தெறக்கல."

"மாடியில போகலையே மாமா."

"கீழ கும்மிருட்டுடா!"

மச்சினன் அவருடைய கத்தி பிடித்த கையை மெல்ல விலக்கினான்.

"அக்கா அதே ரூம்ல கடைசி வரைக்கும் பாத்துச்சு. கதவுக்கு வெளிய நின்ன கொலைகாரன் மூஞ்சியையும் பாத்துச்சு, அது உங்க மூஞ்சிதான். அந்தப் பத்து நிமிஷம் நீங்க எங்க போயிருந்தீங்க, மாமா?"