ஒரு ஊருக்குத்தான்

வண்டி நின்றுவிட்டது.

இங்கே நிற்கக் கூடாது. ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் வண்டிக்கு வழி விட வேண்டுமாம்.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மதுரை ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் விழித்திருந்த நர்ஸ், இவள் போய்ச் சேர்ந்தால்தான் வீட்டுக்குக் கிளம்ப முடியும்.

"ஸ்டாப்பே இல்லாத ஊர்ல எதுக்குய்யா நிறுத்தி வைக்கான்?" என்றார் எதிர் இருக்கைக்காரர்.

அவளும் அதைத்தான் நினைத்தாள்.

அப்போதுதான் பிளாட்பாரத்தில் ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

ஜெசிந்தாவுக்கு இந்த ஊர். அவளும் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். பின்னால் வரும் பாசஞ்சருக்காக நின்றிருந்தாள். அதில் போனால் தினமும் தாமதம், தினமும் திட்டு.

தங்கள் இரண்டு ஊரிலும் இந்த எக்ஸ்பிரஸ் நிற்க வேண்டும் என்று இருவரும் சேர்ந்துதான் மறியலில் உட்கார்ந்தார்கள். ஒரே போலீஸ் வேனில் ஏற்றப்பட்டார்கள். ஊருக்கு ஊர் நின்றால் அதற்குப் பேர் எக்ஸ்பிரஸா என்று கேட்டார் பேச வந்த அதிகாரி. ஒரு ஊருக்குத்தான் தர முடியும் என்றார்.

இவள் ஊருக்குக் கிடைத்தது.

முதல் நாள் பட்டாசு வெடித்தார்கள். ஜெசிந்தாவும் வந்து லட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது, கண்முன்னே நிற்கும் வண்டியில் ஜெசிந்தா ஏறவில்லை. போன வாரம் இப்படி நின்றபோது ஏறினாள். இங்கிருந்து டிக்கெட் செல்லாது என்று பரிசோதகர் வழியில் இறக்கிவிட்டார்.

நேரே வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

"ஞாயித்துக்கிழமை திரும்ப மறியல்க்கா. எங்க ஊருக்கு. வருவீங்கல்ல?"

"இன்னொரு ஸ்டாப்பா? வெளங்கிரும்!" என்றார் எதிர் இருக்கைக்காரர். பெட்டியில் சிலர் சிரித்தார்கள்.

அவளுக்கு எரிச்சலாக வந்தது. அவர்மேலா, வண்டிமேலா, தெரியவில்லை. இங்கேயும் நின்றால் வண்டி தாமதமாகி, இவள் தினமும் ஓட வேண்டியிருக்கும். மதுரை ஸ்டேஷன் படிகளை, பஸ்ஸை, வார்டு வாசலில் பையோடு நிற்கும் இரவு நர்ஸின் முகத்தை நினைத்தாள்.

"அக்கா?"

எதிர் வண்டி தடதடவென்று கடந்து போனது. இவர்கள் வண்டி ஒருமுறை குலுங்கி நகர்ந்தது.

ஜெசிந்தா கம்பியை விடாமல் கூடவே நடந்தாள். பிறகு ஓடினாள். பிறகு விட்டுவிட்டாள்.

பிளாட்பாரம் முடிந்தது. கருவேலங்காடு வந்தது.

"வாரேன்" என்றாள் அவள்.