ஐந்து கட்டை

மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பஜனை. கணவன் சந்தனம் இறந்தபின் பவுனம்மா பாட உட்கார்ந்தது அன்றுதான். அவன் வாசித்த ஆர்மோனியத்தின் முன்னால் இப்போது சிவநேசன்.

“எனக்குச் சுருதி அஞ்சு கட்டைங்க தம்பி. கல்யாணமான நாள்லேருந்து மாறினதே இல்ல.”

பாட்டை எடுத்தாள். பல்லவியிலேயே குரல் கிழிந்தது.

“ஏன் இம்புட்டு மேல வைக்கிறீங்க?”

“இதுதாங்கக்கா அஞ்சு.”

“எங்க வீட்டுக்காரரு இப்புடியா வாசிச்சாரு? கடைசி வருஷங்கள்ல அவருக்குக் கை தளந்து, பெட்டிச் சத்தமே மந்தமாயிருச்சு. என் குரல் அப்புடியே இருக்கு, உங்களுக்குத்தான் வயசாயிருச்சுனு ஏசிக்கிட்டே இருப்பேன். மனுசன் சிரிச்சுக்கிட்டே வாசிப்பாரு.”

சிவநேசன் சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். மூன்று கட்டைக்கு வந்ததும் அவள் குரல் வலிக்காமல் ஏறியது.

இரண்டு அடி பாடியவள் சட்டென்று நிறுத்தினாள். இத்தனை வருஷம் அவள் ஏசிய அதே மந்தமான சத்தம் பெட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

“பாடுங்கக்கா, இப்பச் சரியா இருக்கே.”

பவுனம்மா சந்தனத்தின் ஆர்மோனியத்தின் மேல் கையை வைத்தாள்.

“ஒரு தடவையாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?”