போன சம்சாரம்

"அங்கிள், மாமாவுக்கு சம்சாரம் போயி. முடியும்னா நீங்க ஒண்ணு வந்து பாருங்க."

திருவனந்தபுரத்திலிருந்து ஷிஜா போனில் சொன்னதும் பேச்சிமுத்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவருடைய கல்லூரித் தோழர் நாகேஸ்வரனின் வீட்டு மாடியில் குடியிருந்து, அவரை மாமா என்று கூப்பிடுபவள் ஷிஜா. தமிழ்க் குடும்பம்தான் என்றாலும் பிறந்தது, படித்தது எல்லாம் அங்கேயே.

"என்னம்மா சொல்லுத? எப்ப?"

"போன மாசம். பயப்பட வேண்டாம், மெல்லத் திரிச்சு வரும், திரும்ப வந்துடும்னு எல்லாரும் சொல்றாங்க. மாமாதான் தளர்ந்து போயிட்டார்."

யாரோடு போனாள் என்று கேட்க நாக்கு வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். சின்னப் பெண்ணிடம் கேட்கிற விஷயமா அது? பேரன் பேத்தி எடுத்த நாகேஸ்வரன் மனைவி கௌசல்யாவா இப்படி?

தன் மனைவி இறந்த வருடம் பேச்சிமுத்து அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தார். பாளையங்கோட்டைக்கு வந்து கூடவே தங்கி, பழைய படமாகப் போட்டுப் போட்டு அவரைச் சிரிக்க வைத்தவர் நாகேஸ்வரன்தான். இப்போது தன் முறை. பென் டிரைவ் நிறையப் படங்களோடு சனிக்கிழமை காலை திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் நண்பரின் வீட்டுக்குப் போய் இறங்கினார்.

கதவைத் திறந்த நாகேஸ்வரன் நண்பரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்தது. வாய் திறந்தது, அப்படியே மூடிக்கொண்டது.

"ஒண்ணும் சொல்லாதல. எனக்கு எல்லாம் தெரியும்" என்றார் பேச்சிமுத்து.

ஊருக்குத் திரும்புவதற்குள் இவனை ஒரு வார்த்தையாவது பேச வைத்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தார்.

முதல் படம் கறுப்பு வெள்ளை. ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கதாநாயகி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினாள். பேச்சிமுத்து அவசரமாக ரிமோட்டை எடுத்தார். அடுத்த படத்தில் கணவன் மேல் சந்தேகப்பட்டு அம்மா வீட்டுக்குப் போனாள் ஒருத்தி. மூன்றாவதில் ரயில் விபத்தில் காணாமல் போனாள்.

"இந்தப் பழைய படக்காரனுங்களுக்கு வேற கதையே கிடைக்கலியால? எவளாவது ஒருத்தி வீட்டோட கிடந்தாளா பாரேன்."

நாகேஸ்வரன் வேண்டாம் என்பதுபோல் கையை ஆட்டினார். ஏதோ சொல்ல உதடுகள் துடித்தன.

"புரியுது, புரியுது. போனவள நினைச்சு நெஞ்ச அறுத்துக்காத."

நாகேஸ்வரன் அவரை முறைத்துப் பார்த்தார்.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த ஷிஜாவிடம் பேச்சிமுத்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "திரும்பி வரும்னு நிச்சயமா நம்புதியாம்மா?"

"உறப்பா வரும் அங்கிள்."

"வந்தாலும் இவன் ஏத்துக்கணுமே."

"அதென்ன அங்கிள் அப்படிச் சொல்றீங்க? வந்தா மாமாவுக்கு அதைவிட சந்தோஷம் என்ன இருக்கு?"

இந்த ஊர்க்காரர்களுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்று பேச்சிமுத்து வியந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆயுதத்தை எடுத்தார். கல்லூரி நாளில் இருவரும் திரும்பத் திரும்பப் பார்த்த படம் அது. ஊரே கைவிட்டுவிட, காலியான கொட்டகையில் இவர்கள் கூட்டம் மட்டும் உட்கார்ந்து விசிலடித்த படம். வில்லனின் மீசை காட்சிக்குக் காட்சி இடம் மாறும். குதிரையின் வாலுக்குக் கீழே இரண்டு மனிதக் கால்கள் தெரியும். வசனம் முழுவதும் இருவருக்கும் மனப்பாடம்.

பேச்சிமுத்து வில்லனோடு சேர்ந்து உறுமினார். நாகேஸ்வரனின் தோள் குலுங்கியது. சிரிப்பு. கதாநாயகனின் வசனத்துக்கு உதடுகளும் அசைந்தன. சத்தம் மட்டும் வரவில்லை.

"சொல்லு, சத்தமாச் சொல்லு. என் முன்னால என்னல வெக்கம்?"

வரவில்லை. சாயங்கால ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. திரையில் ஓடிப்போன மனைவி திரும்பி வந்து காலில் விழ, கதாநாயகன் அவளைத் தூக்கி அணைத்தான். பேச்சிமுத்துவுக்கு இரண்டு நாள் அடக்கிய ஆற்றாமை பொங்கிவிட்டது.

"இவன மாதிரி இளிச்சவாயனா இருக்காதல. நாளைக்கே கௌசல்யா வந்து நின்னாலும் கதவத் தொறக்காத. எவனோட போனாளோ அவன்கிட்டயே..."

"வாயை... மூடுடா."

பேச்சிமுத்து திரும்பினார். நாகேஸ்வரன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"அவளைப் பத்தி... ஒரு வார்த்தை... பேசினே... பல்லை... உடைச்சுடுவேன்."

"உடைல. எல்லாப் பல்லையும் உடை." பேச்சிமுத்து அவரைக் கட்டிக்கொண்டார். "பேசிட்டியே, எனக்கு அது போதும்."

சமையலறையில் தட்டு விழுந்து உருண்டது. ஷிஜா ஈரக் கையோடு ஓடிவந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"வந்நு. மாமாவுக்கு சம்சாரம் வந்நு."

பேச்சிமுத்து பதறி வாசலுக்கு ஓடினார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஓர் ஆட்டோகூட இல்லை.

"எங்கம்மா? எங்க நிக்கா?"

"ஆரு அங்கிள்?"

"கௌசல்யாதான். இவனோட சம்சாரம்."

ஷிஜா ஒரு கணம் விழித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தபடி போனை எடுத்து எண்ணைத் தேடினாள்.

"மாமி முந்தாநேத்துதான் மூகாம்பிகை கோயிலுக்குப் போனாங்க அங்கிள். போன மாசம் தலையில ரத்தக்குழாய் அடைப்பு வந்ததுலேர்ந்து மாமாவுக்கு நின்னுபோன சம்சாரம் திரும்பணும்னு வேண்டிக்கத்தான் போனாங்க. எங்க மலையாளத்துல சம்சாரம்னா பேச்சு."