ஐந்து மணி அருவி

கண்ட்ரோல் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. மேஜையில் ஆறிப்போன டீ, சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாக ஒரே நிமிடம். சரியாக ஐந்துக்கு ஆபரேட்டர் பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும். அருவியில் விழும் தண்ணீர் முழுக்கக் குழாய்க்குள் திரும்பி டர்பைனைச் சுழற்றும், ஊரில் விளக்கு எரியும். அவர் காதில் போன். "அண்ணே, பஸ் இப்பதான் வந்துச்சு. அருவியப் பாக்க அம்மா படியேறிட்டிருக்காங்க. அஞ்சே நிமிஷம்ணே!" தங்கைக்கு மூச்சு வாங்குகிறது. "ஊரே சுவிட்சப் போட்டுட்டு உக்காந்திருக்கும்டி. அம்மாவ ஓடி வரச் சொல்லு." "முட்டிவலிக்காரங்கள ஓடச் சொல்ற, நல்ல புள்ளைண்ணே நீ!" போனுக்குள் அருவியின் இரைச்சல் பெருகிக்கொண்டே வருகிறது. கடிகார முள் பன்னிரண்டைத் தொடுகிறது. அவர் விரல் பட்டனை அழுத்துகிறது. தரை லேசாக அதிர, மீட்டரில் முள் எழுகிறது. போனில் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, யாரோ உச்சுக்கொட்டுவதுகூடக் கேட்கிறது. "அம்மா பாத்தாங்களா?" "மேல வந்து நிக்கிறப்ப வெறும் பாறைதான்ணே." அவர் டீ டம்ளரை எடுத்து, குடிக்காமலே வைக்கிறார். போனில், சற்றுத் தள்ளி, பக்கத்தில் நிற்கும் யாரிடமோ அம்மா சத்தமாகச் சொல்கிறாள்: "இவ்ளோ பெரிய அருவிய நிறுத்துனது யாரு தெரியுமா? எம்புள்ள!"