மீன் பக்கெட்

ரேணுகாதேவியின் செருப்புக்கும் பாதத்துக்கும் நடுவே ஏதோ கொழகொழவென்று வழுக்கியது. குனிந்து பார்த்தாள். மீன் குடல்.

"ச்சீ! மறுபடியுமா? இவங்கல்லாம் சோறுதான் தின்றாங்களா?" என்று காறித் துப்பினாள்.

போளூரில் அவர்கள் தெருக்கோடியில் கிடந்த அந்தக் காலி மனை இருபது வருடமாகத் தெருவுக்கே குப்பைத்தொட்டி. பால்வாடி டீச்சரான ரேணுகாதேவிக்கு, தன்னிடம் வரும் பதினெட்டுப் பிள்ளைகளும் ஓடியாட ஒரு சாண் தரை இல்லையே என்ற ஆற்றாமை. தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு அதைப் பூங்காவாக்கியே தீருவது என்று இறங்கிவிட்டாள். பெங்களூரில் இருக்கும் மனைக்காரரிடம் போனில் அனுமதி கேட்டபோது, "தாராளமா சுத்தம் பண்ணுங்கம்மா" என்றார் அவர். தங்கமான மனுஷன் என்று தெருவே மெச்சியது.

நாறிப்போன டயப்பர், கோழி இறகு, பீர் பாட்டில், செத்த பெருச்சாளி என்று அத்தனையையும் ஞாயிறுதோறும் கையால் அள்ளினார்கள். பக்கத்து மலையிலிருந்து கொண்டுவந்த நெல்லிக் கன்றுகளை உள்ளே நட்டார்கள். ஆனால் சுத்தம் செய்த மறுநாளே கேட் ஓரமாக மீன் கழிவு கொட்டிக் கிடக்கும். மூன்று மாதமாக இதே கூத்து.

"அக்கா, அதோ பாருங்க!" என்று பக்கத்து வீட்டு ஹெப்சி கையைப் பிடித்து இழுத்தாள்.

கேட்டுக்குப் பின்னால் கெங்கம்மாள் நின்றிருந்தாள். புதூர்நாட்டு மலைக் கிராமத்திலிருந்து இறங்கி வந்து, மார்க்கெட்டில் மீன் கழுவிக் கொடுத்துப் பிழைப்பவள். மனைக்கு எதிரே ஒற்றை அறையில் குடியிருந்தாள். கையில் காலி பக்கெட், இடுப்பில் தண்ணீர்க் குடம்.

"ஏம்மா, உனக்கு அறிவு இருக்குதா? பசங்க வெளையாடற எடத்துல கொண்டாந்து கொட்டறியே, கை கூசல?"

"இன்னிக்கு ஒரு நாளு வுட்டுடுங்க டீச்சர். சுத்தமா கெடந்தா அவங்க வந்துருவாங்க."

"யாரு வருவா? உங்க மலைச் சாமியா?"

சத்தம் கேட்டுக் கூடிய தெரு கொல்லென்று சிரித்தது. கெங்கம்மாள் மறுபடி வாயைத் திறந்தாள். ரேணுகாதேவி விடவில்லை.

"ஒண்ணும் பேசாத. கொட்டின கையாலயே அள்ளு."

ஹெப்சி அதை வீடியோ எடுத்துத் தெரு குரூப்பில் போட்டாள். கெங்கம்மாள் குடலையும் செதிளையும் வெறுங்கையால் வழித்து பக்கெட்டில் போட்டாள். போகும்போது குடத்துத் தண்ணீரை நெல்லிக் கன்றுகளுக்கு ஊற்றிவிட்டுப் போனாள்.

"இன்னா நடிப்பு பாருங்கக்கா" என்றாள் ஹெப்சி.

பத்து மணிக்கெல்லாம் மனை பளிச்சென்று ஆகிவிட்டது. கழுவித் தள்ளி, பிளீச்சிங் பவுடர் தூவி, வாசலில் கோலமும் போட்டார்கள். பிள்ளைகள் உள்ளே ஓடிப் பிடித்து விளையாட, ரேணுகாதேவிக்குக் கண் நிறைந்துவிட்டது.

பதினோரு மணிக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கிய இரண்டு பேரில் ஒருவர் நாடாவை எடுத்து மனையை அளக்க ஆரம்பித்தார். மனைக்காரர்தான் பூங்காவைப் பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறார் என்று பூரித்துப்போய், ரேணுகாதேவி மற்றவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் ஒரு வாய் குடித்துவிட்டுப் போனைக் காதில் வைத்தார்.

"அண்ணே, புரோக்கர் மோகன் பேசறேன். போளூர் மனைதான். மூணு வாட்டியும் மீன் நாத்தம்னு காரவுட்டு எறங்காம மூக்கப் பொத்திக்கினு திரும்பிட்டீங்களே, நேத்து இங்க எதுத்தாப்புல நின்னு போன்ல சொன்னாப்பல இன்னிக்கு வந்து பாருங்க. கோயிலாட்டம் இருக்குது. மூணு மணிக்கா? வாங்க, இன்னிக்கே பேசி முடிச்சிரலாம். இப்பவும் புடிக்கலன்னா வேற எடமே பாத்துக்குங்க."

ரேணுகாதேவி நாடாவுக்குக் குறுக்கே போய் நின்றாள். "சார், இது பசங்க பார்க்கு. மனைக்காரரே சரின்னாரு..."

"சுத்தம் பண்றதுக்குத்தானம்மா சரின்னாரு? அவரு ரெண்டு வருஷமா விக்கத்தான் பாக்கறாரு. உங்க புண்ணியத்துல இன்னிக்குத்தான் ஆளுக்குக் காட்ட முடியுது."

"அப்ப அந்தச் செடிங்க?"

"ஜேசிபி வந்தா அஞ்சு நிமிஷ வேல" என்று சொல்லிவிட்டு மீதி மோரைக் கன்று ஒன்றின் மேல் ஊற்றி, டம்ளரை நீட்டினார்.

அந்த ஆள் வாய் வைத்த டம்ளரைத் தொடவே அருவருப்பாக இருந்தது. காலையில் தான் பேசிய பேச்சு ஞாபகம் வந்தபோது, மீன் குடலை மிதித்ததைவிட அதிகமாகக் குமட்டியது. டம்ளரை அங்கேயே கடாசிவிட்டு விறுவிறுவென்று தெருவைக் கடந்தாள்.

கெங்கம்மாள் அறை வாசலில் உட்கார்ந்து, கை நாற்றம் போகப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"இன்னா டீச்சர், இன்னும் எங்கனா ஒட்டிக்கினு இருக்குதா? வந்து தொடச்சிடறேன்."

ரேணுகாதேவி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கெங்கம்மா, மூணு மணிக்குள்ள இன்னும் ரெண்டு பக்கெட்டு மீன் குடல் கெடைக்குமா?"