பேச்சுக்கு முளைத்த வால்

மழையில் நிரம்பி வழிந்த கிணற்றிலிருந்து ஒரு தவளை வெளியேறி, பக்கத்துக் குளத்துக்குக் குடிவந்தது.

"இங்க இடம் இருக்கா... ருக்கா?" என்று கரையில் இருந்த குளத்துத் தவளையைக் கேட்டது.

"இருக்கு. வளர்ந்து உடம்புல வால் உதிர்ந்தாச்சு, பேச்சுல மட்டும் ஏன்யா வால்?"

"எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் பேசுவோம்... சுவோம்."

கிணற்றுச் சுவர் திருப்பிச் சொன்னதையும் சேர்த்தே அது பேசக் கற்றிருந்தது, பாவம்.

"இந்த லட்சணத்துல எங்க கச்சேரியில பாட முடியாது. நான் திருத்துறேன், வா" என்றது குளத்துத் தவளை. மழைக்காலம் முழுக்க இரண்டும் ஒரே தாமரை இலையில் உட்கார்ந்திருக்க, பாடம் நடந்தது.

கச்சேரி வந்தது. கிணற்றுத் தவளை தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தது.

"மழையே வா... யே வா!"

குளமே சிரித்தது. வாத்தியாருக்கு மானம் போயிற்று. ஆத்திரத்தில் எழும்பிக் குதித்துக் கத்தியது.

"உனக்கு எத்தனை தடவைடா சொல்றது... ல்றது!"

சிரிப்பு சட்டென்று நின்றது. எல்லாத் தவளைகளும் வாத்தியாரையே பார்த்தன.

கிணற்றுத் தவளைக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"அடடா, நீங்களும் எங்க ஊர்தானா... தானா?"